எம் பையனுக்கு முன்னால நிக்கிறவன்

அண்ணாச்சி, இந்த வண்டி பொட்டல்குளத்துக்கு ரோடு பிரியுற விலக்குல நிக்கும்லா? கண்டக்டர்ட்ட கேட்டதுக்கு, வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கும் நிக்கும்ங்கான். அதான் ஒங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டு வச்சுக்கிடலாம்னு. நிக்குமா? அப்ப சரி.

நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. திருநெல்வேலிக்குள்ளயே சுத்துற ஆளு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். பயப்படாதீங்க, ஒங்கள பாலிசி போடச் சொல்ல மாட்டேன். இன்னைக்கு வேற சோலியாப் போறேன். படிப்பு விசயம். ஒங்களுக்குப் பிள்ளைங்க உண்டா? சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க. சில பேரு பஸ்ல பேச மாட்டாங்க, எனக்குத் தெரியும். எனக்கு வாய மூடிக்கிட்டு வந்தா வயிறு ஊதிரும். நீங்க பேச வேண்டாம், கேட்டாப் போதும்.

எனக்கு ஒரே பையன். அபினேஷ்னு பேரு. பன்னெண்டாவது முடிச்சுட்டு இப்ப இஞ்சினியரிங் கவுன்சிலிங்குல நிக்கான். கட் ஆஃப் எவ்வளவுங்கீங்க? இருநூறுக்கு நூத்தித் தொண்ணூத்தாறர. எங்க தெருவுல அந்த மார்க்கக் கண்ணால பாத்தவன் கெடையாது. எங்க மச்சினன் மகன் நூத்தி அறுவது எடுத்ததுக்கு முக்குல பிளக்ஸ் வச்சான். நான் வைக்கல. எதுக்கு வைக்க? இவன் பள்ளிக்கூடத்துல மூணாவது. மூணாவதுக்கெல்லாம் பிளக்ஸ் வச்சா ஊர் சிரிக்கும்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்கல்லா. படிப்பும் ஒரு பந்திதான் அண்ணாச்சி. பிந்துனவனுக்கு எலை கெடைக்கும், பாயசம் கெடைக்காது. இத நான் அவன் ஒண்ணாவது படிக்கும்போதே சொல்லிக் குடுத்துட்டேன். சும்மா வாயால சொன்னா ஏறுமா? எங்க வீட்ல ஒரு பழக்கம் கொண்டு வந்தேன். ரேங்க் கார்டு வாங்குற அன்னைக்கு முதல் ரேங்க் இல்லன்னா, அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பாட்டுல உப்பு கெடையாது. கொழம்பு, கூட்டு, மோரு, எதுலயும் ஒரு கல்லு உப்பு விழக் கூடாது. உப்புப் போட்டுத் திங்கிறவனுக்கு ரோசம் இருக்கணும்ல? ரோசம் இல்லாதவனுக்கு எதுக்கு உப்பு?

முகத்தச் சுளிக்காதீங்க. நான் ஒரு நாளும் கை நீட்டி அடிச்சது கெடையாது. பக்கத்து வீட்டுக்காரன் பெல்ட்டால அடிக்கான். நான் உப்புதான் நிப்பாட்டுனேன். எங்க வீட்ல ஒரு தடவ மனசு கேக்காம அவன் எலைக்கு அடியில ஊறுகாய ஒளிச்சு வச்சுட்டா. எனக்குத் தெரியாமப் போகுமா? அன்னையிலேர்ந்து அவன் உப்பில்லாமத் திங்கிற அன்னைக்கு ஒனக்கும் கெடையாதுன்னுட்டேன். ரெண்டு பேரும் எதுத்தாப்ல எதுத்தாப்ல ஒக்காந்து, தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்குவாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா பலன் தெரிஞ்சுதுல்லா? அடுத்த மாசம் முதல் ரேங்க்கோட வந்து நிப்பான்.

இப்ப பாருங்க, நான் ஒண்ணுமே சொல்லல. கவுன்சிலிங்குக்கு ரேங்க் லிஸ்ட் வந்ததுலேர்ந்து அவனே உப்பு போட்டுக்கிடுறதில்ல. சோத்துல தண்ணிய ஊத்திப் பிசைஞ்சு, அப்படியே தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருதான். எங்க வீட்ல அழுதா. அழாதட்டீ, பிள்ளைக்கு ரோசம் வந்துருக்குன்னேன். அவன் என்கிட்டப் பேசுறதும் கொறஞ்சு போச்சு. அது சரிதான, கவலை அவனுக்கும் இருக்கும்லா.

என்ன கவலைன்னா, சொல்லுதேன். அந்த லிஸ்ட்ல இவன் பேருக்கு நேர மேல ஒரு பேரு. ஒரே ஒரு எடம் முன்னால. பேச்சிராஜான்னு ஒரு பையன். அவனுக்கும் நூத்தித் தொண்ணூத்தாறர. இட ஒதுக்கீட்டுலயும் எங்க பிரிவுதான் அவனும். மார்க் சமமா இருந்தா கணக்குல யாரு கூடன்னு பாப்பாங்களாம். சமம். அடுத்து இயற்பியல். சமம். மத்ததும் சமம். ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்காங்க ரெண்டு பயலுகளும். அப்புறம் என்ன செய்யுதாங்கன்னா, பிறந்த தேதியப் பாக்காங்க. வயசுல மூத்தவனுக்கு முன் எடம். பேச்சிராஜா இவனவிட ஒரு மாசம் மூப்பு. முடிஞ்சு போச்சு.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், ஒங்களோட இருக்கட்டும். நெசத்துக்கு எம் பையந்தான் மூத்தவன்.

ஆமா. இவன் பொறந்தது எங்க மாமனார் ஊர்ல. வீட்டுலயே பிரசவம் ஆயிட்டு. உடனே பதியல. அப்ப எங்க மச்சினன் ஒரு யோசன சொன்னான். அத்தான், தேதியத் தள்ளிப் பதிஞ்சுருங்க, வயசு கொறச்சலா இருந்தா கவர்மெண்ட் பரீட்ச ஒரு தடவ கூட எழுதலாம், ரிட்டையர் ஆகும்போதும் ஒரு வருசச் சம்பளம் சேந்து வரும்னான். எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாத் தெரிஞ்சுது. பல மாசம் கழிச்சுத்தான் போயிப் பதிஞ்சோம். ஆபீஸ்ல பிள்ள தவந்து வந்து என் காலப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்குது, சர்டிபிகேட்ல போன வாரம் பொறந்துருக்கு. அங்க இருந்த கிளார்க்கே சிரிச்சான்.

யோசன இப்பவும் தப்பில்ல பாத்துக்கிடுங்க. மச்சினன் சவந்தான் தப்பு. கவுன்சிலிங்குல மூத்தவனுக்கு முன்னுரிமைன்னு அந்த மூதி அன்னைக்கே சொல்லிருக்கணும்லா? இப்ப கேட்டா, அத்தான் அப்ப பிள்ள இஞ்சினியரிங் படிப்பான்னு யாருக்குத் தெரியும்ங்கான். அவன் வீட்டு விசேசத்துக்கு இனிமே நான் போறதா இல்ல.

ஒரு எடம்தான, அதுக்கென்னன்னு நீங்க நெனைக்கலாம். எங்க வீட்லயும் அதத்தான் சொன்னா. அண்ணாச்சி, மெட்ராஸ்ல அந்தப் பெரிய கவர்மெண்ட் இஞ்சினியரிங் காலேஜ்ல, கம்ப்யூட்டர் படிப்புல, எங்க பிரிவுக்கு எந்த ரேங்க்கோட சீட்டு முடியும்னு நான் கணக்குப் போட்டு வச்சுருக்கேன். போன வருசம், முந்துன வருசம் எல்லாம் பாத்தேன். இந்த வருசம் பேச்சிராஜாவோட முடியுது. அவன் உள்ள போனதும் கதவு சாத்திருது. எம் பையன் வாசல்ல நிக்கான். கணக்கு தப்பாக் கூட இருக்கலாம்லான்னு எங்க வீட்ல கேட்டா. இருவது வருசமா பிரீமியம் கணக்குப் போடுதவன் நான், என் கணக்கா தப்பும்னேன்.

நான் ஒண்ணும் அந்தப் பையனக் கெடுக்கணும்னு கிளம்பல. பேப்பர்ல அவன் போட்டோ வந்துது. அரசுப் பள்ளிக்கூட மாணவன் சாதனைன்னு போட்டு, பொட்டல்குளம்னு ஊர் பேரு. ஒல்லியா, கண்ண முழிச்சுக்கிட்டு இருந்தான். அந்த போட்டோவ ரொம்ப நேரம் பாத்தேன். எம் பையனுக்கு முன்னால நிக்கிறவன் எப்படிப் பேசுவான், அவன் குரல் எப்படி இருக்கும்னு ஒரு இது. தூக்கம் வரல. பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு, அறக்கட்டளைலேர்ந்து பேசுதோம், ஏழைப் பிள்ளைக்கு உதவி பண்ணணும்னேன். நம்பரக் குடுத்ததோட நன்றியும் சொன்னாங்க.

பேசுனேன். சார் சார்னு உருகிட்டான் பாவம். அவுக அப்பா செங்கச் சூளையில வேல செய்யுதாரு. வீட்ல காலேஜ் வாசல மிதிச்சவங்க யாரும் கெடையாது. எதுவும் தெரியாது, யாரக் கேக்கன்னும் தெரியாது. அந்த நேரத்துல நான் போன் பண்ணது கடவுளே பேசுன மாதிரி இருக்குன்னான். என் பேரு ராஜசேகர்னு சொன்னேன். நெசப் பேரு ஆறுமுகநயினார். அதச் சொல்லாட்டி என்ன கொறஞ்சு போச்சு? ஆலோசன சொல்லுதவனுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன.

அப்புறம் தெனமும் பேசுதேன். எங்க தொழில்ல ஒண்ணு படிச்சுருக்கோம் அண்ணாச்சி, மனுசன் லாபத்துக்கு அசைய மாட்டான், பயத்துக்கு அசைவான். லாபத்தச் சொல்லி ஒரு பாலிசி போட்டுப் பாருங்க, நாக்குத் தள்ளிரும். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா ஒங்க சம்சாரம் என்ன செய்வாங்கன்னு கேட்டுட்டுச் சும்மா இருங்க, அவனே பேனாவ எடுப்பான். அதான். அந்த காலேஜ்ல பூராவும் இங்கிலீஷ்தான் தம்பின்னேன். மறுநாள், தமிழ் மீடியத்துலேர்ந்து போன பையங்க பாதியில ஊருக்கு ஓடி வந்துருதாங்க, வெளிய சொல்ல மாட்டாங்கன்னேன். அப்புறம் விடுதியப் பத்திச் சொன்னேன். பணக்காரப் பையங்க எப்படிக் கேலி பண்ணுவாங்கன்னு சொன்னேன். எனக்கே நான் பாத்த மாதிரி இருந்துது, அப்படிச் சொன்னேன்.

போன வாரம் அவனே கேட்டான். நான் அங்க போனாப் பொழைக்க மாட்டேனா சார்னு. கஷ்டம்தான் தம்பின்னேன். நெசமாவே எனக்கு வருத்தமாத்தான் இருந்துது. போன வச்சுட்டுத் திரும்புதேன், வாசப்படியில எம் பையன் நிக்கான். எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. அவன் பேரு என்னப்பான்னு கேட்டான். பேச்சிராஜான்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டான். பாத்தீங்களா, அதுல அக்கறை இல்லன்னா பேரக் கேப்பானா?

நீங்க என்ன கேட்டீங்க? ஆமா, பேச்சிராஜாதான். இப்பத்தான சொன்னேன். பொட்டல்குளம்.

விசயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர்ல ஒரு வரிசை போடணும். எனக்கு முதல்ல இந்த காலேஜ் வேணும், அது இல்லன்னா இது, அதுவும் இல்லன்னா அதுன்னு. இவன் அந்த மெட்ராஸ் காலேஜ உச்சியில வச்சுருக்கான். அவன் கணக்கு டீச்சர் பக்கத்துல ஒக்காந்து போட்டுக் குடுத்த வரிசை. அத எறக்கிட்டு மேல வேற ஒரு தனியார் காலேஜ வச்சாப் போதும். அவனுக்கு அது கெடைச்சுரும், எம் பையனுக்கு இது வந்துரும். அவனும் இஞ்சினியர்தான் ஆகப் போறான். நான் யாரு சோத்துலயும் மண்ணள்ளிப் போடல.

போன்லயே மாத்த வச்சுருப்பேன். அவுக அப்பாதான் ஒத்துக்கிடல. எழுதப் படிக்கத் தெரியாத மனுசன், ஆனா பிடிச்சாப் பிடிச்ச பிடி. மொகம் தெரியாதவக சொல்லி எம் பிள்ள எழுத்த மாத்த மாட்டேன், அந்த சார நேர்ல வரச் சொல்லு, மொகத்தப் பாக்கேன், அப்புறம் மாத்துன்னுட்டாராம். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட எல்லாம் பூட்டிரும். அது வரைக்கும் என்ன வரிசை கெடக்கோ அதுதான் போகும், அதுக்கு மேல ஆண்டவனே வந்தாலும் தொட முடியாது. நான் போகலன்னு வைங்க, டீச்சர் போட்ட வரிசையே தானாப் பூட்டிக்கிடும். விடுவனா? சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். மொகம்தான, காட்டிட்டாப் போச்சு. எம் மொகத்தப் பாத்துப் பாலிசி போடாதவங்க கெடையாது.

இருங்க, அவந்தான் கூப்பிடுதான்.

சொல்லு தம்பி. வந்துக்கிட்டே இருக்கேன், பஸ்லதான் இருக்கேன். விலக்குல நிக்கியா? அப்பாவும் வந்துட்டாங்களா? நல்லது. என்னது, கோழியா? எதுக்கு தம்பி அதெல்லாம். அம்மா ஆசைப்பட்டுச் செய்யுதாங்களா, சரி சரி, சாப்பிடாமப் போக மாட்டேன். யாரு, டீச்சரா? அவங்க எதுக்கு? வேண்டாம் தம்பி, வர வேண்டாம்னு சொல்லிரு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா நீ கொழம்பிப் போவ. நீ, நான், அப்பா, மூணு பேரு போதும். நான் வார வரைக்கும் எதுவும் தொடாத. அழுதியா என்ன? குரல் ஒரு மாதிரி இருக்கு. ராத்திரி தூங்கலையா? பயப்படாத, நான் இருக்கேன்லா. வைக்கட்டா.

கோழி அடிச்சுக் கொழம்பு வைக்காங்களாம் அண்ணாச்சி. வீட்ல வளத்த கோழியாம். நல்ல ஜனங்க. நகரத்துல இப்படி ஜனங்களப் பாக்க முடியாது. எனக்கும் நாட்டுக்கோழின்னா உசிரு.

என்ன அப்படிப் பாக்கீங்க? ஒங்க நெனப்பு எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையோட எதிர்காலத்துல வெளையாடுதானேன்னு பாக்கீங்க. எதுத்துப் பேசாதீங்க, நான் சொல்லுறதக் கேளுங்க. செங்கச் சூளக்காரர் மகன் தனியார் காலேஜ்ல சேந்தாலும் அவங்க பரம்பரைக்கே பெரிய ஏத்தம். ஊரே அவனத் தூக்கி வச்சுக் கொண்டாடும். எம் பையன் அதே காலேஜ்ல சேந்தா என்ன ஆகும்? ஆறுமுகநயினார் மகன் அவ்வளவுதானான்னு எங்க மச்சினன் கேப்பான். அவனுக்கு அது ஏணி, எனக்கு அது குழி. இப்ப சொல்லுங்க, யாருக்கு எடம் அவசியம்?

அபினேஷ் என்ன சொல்லுதான்னா கேக்கீங்க? அவன என்னத்தக் கேக்க. படிக்கிறது அவன் வேல, சீட்டு வாங்கிக் குடுக்கிறது நம்ம வேல. மத்தியானம் கிளம்பும்போது கூட, எங்கப்பா போறன்னு கேட்டான். ஒனக்காகத்தாம்ல போறேன்னேன். எனக்காகப் போகாதப்பான்னான். மெதுவாத்தான் சொன்னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு அண்ணாச்சி. அப்பா வெயில்ல அலையுறாரேன்னு அவனுக்கு மனசு கேக்கல பாருங்க. எங்க வீட்டுக்கு போன் போட்டா அவன் ரூமப் பூட்டிக்கிட்டு இருக்கானாம், கதவத் தட்டுனாலும் தொறக்கலையாம். தூங்குவாண்டீ, விடுன்னேன். ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தான், தூங்கட்டும்.

அடுத்த வண்டியா? எதுக்குக் கேக்கீங்க? இத விட்டா அந்த ஊருக்கு ஆறு மணிக்குத்தான் வண்டியாம். அதான் அரக்கப் பரக்க ஓடி வந்து ஏறுனேன். மணி இப்பவே நாலே கால் ஆயிட்டு. வழியில அந்த ரயில்வே கேட்ல போட்டுட்டான்ல.

ஆளும் பேருமா எந்திரிக்காங்களே. அந்தா, விலக்குன்னு போர்டு தெரியுது. பாத்தீங்களா, புளிய மரத்துக்கு அடியில, வெள்ளச் சட்ட. அவந்தான். பக்கத்துல துண்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறது அவுக அப்பாவா இருக்கும். எனக்காகத்தான் துண்டத் தோள்லேர்ந்து எடுத்துருக்காரு. நான் நெனச்சத விடச் சின்னப் பையனா இருக்கானே.

சரி அண்ணாச்சி, பேசிக்கிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல. கொஞ்சம் கால ஒதுக்குங்க, எறங்கணும்.

அண்ணாச்சி. கால ஒதுக்குங்க.

தூங்குதீங்களா? முழிச்சுக்கிட்டுத்தான இருக்கீங்க. அண்ணாச்சி, வெளையாடாதீங்க, எல்லாரும் எறங்கியாச்சு. என்ன முட்டிய இப்படி முன் சீட்டுல குடுத்து அடைச்சுக்கிட்டா நான் எப்படிப் போக? கண்டக்டர், ஏ கண்டக்டர், ஆளு எறங்கணும். இல்லங்கீங்களா? அண்ணாச்சி, இவரு எறங்கலன்னு நீங்களா கண்டக்டர்ட்டச் சொல்லுதீங்க? நான் எப்பய்யா எறங்கலன்னேன். கண்டக்டர் தம்பி, நிப்பாட்டு தம்பி, இவரு சொல்லுறதக் கேக்காத. இவரும் நானும் ஒண்ணா வரல. சொந்தக்காரன் மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டு இருக்காரேன்னு நம்பாத, இவரு யாருன்னே எனக்குத் தெரியாது. கைய விடுங்க அண்ணாச்சி. வலிக்கி.

விசில் குடுத்துட்டான். எடுத்துட்டான்.

அந்தப் பையன் சன்னல் சன்னலா எட்டிப் பாத்துக்கிட்டே வாரான். கூடவே ஓடி வாரான் அண்ணாச்சி. என்னயும் பாத்தான். நேரா எம் மொகத்தப் பாத்துட்டு அடுத்த சன்னலுக்குப் போயிட்டான். அவனுக்கு என்னயத் தெரியாதுல்லா.

போன் அடிக்கி. எடுத்து என்னன்னு சொல்ல? மொகத்தப் பாக்காம அந்த மனுசன் மாத்த விட மாட்டாரு. இந்தக் காட்டுல ஆட்டோவுக்கு எங்க போக. அடுத்து வண்டி எங்க நிக்கும்? சங்கரன்கோவில் வரைக்கும் கைய விட மாட்டேங்கீங்களா? அதுக்குள்ள மணி அஞ்சு அடிச்சுருமே.

நீங்க யாரு அண்ணாச்சி? நெசமாச் சொல்லுங்க. அந்தப் பையன் ஒங்களுக்கு என்ன முறை? அக்கா மகனா? அவுக அப்பாவுக்கு வேண்டப்பட்டவரா? ஒரே ஊரா, ஒரே ஆளுகளா? ஒண்ணும் இல்லையா? அந்தப் பேரையே இன்னைக்குத்தான் கேள்விப்படுதீங்களா?

அப்புறம் ஒங்களுக்கு என்னய்யா வந்துது? அவனுக்கு அந்த சீட்டு கெடைச்சா ஒங்களுக்கு என்ன கெடைக்கும்? சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன கெடைக்கும்?